கடைமடை வகுப்பு வரைக்கும்: தலைமையாசிரியர் கற்றுக்கொள்வது என்றால் என்ன?

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால், டெல்டாவில் அடுத்து எழும் கேள்வி "கடைமடைக்கு எப்ப வரும்?" என்பதுதான். கல்லணையில் மதகைத் தூக்கி மலர் தூவும் படம் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். வாய்க்கால் முடியும் கடைமடையில், பேராவூரணிப் பக்கம் வயல் வைத்திருப்பவருக்கு அந்தப் படம் போதாது. அவர் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட வேண்டும்.

அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. கொஞ்ச நாளில் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி என்று சுற்றறிக்கை வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் கடைமடைக் கேள்விதான் தோன்றும். சென்னையில் திறந்த பயிற்சி, கடைசி ஊர்ப் பள்ளியில், ஜன்னல் ஓரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா?

புதிதாகத் தலைமையாசிரியர் ஆனவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்துகொண்டு, "இந்த எச்.எம். ஏன் அடிக்கடி பயிற்சின்னு போறாரு?" என்று யோசிக்கும் பெற்றோரும் படிக்கலாம்.

சாவிக்கொத்து கைக்கு வரும் நாள்

நம் அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்புப்படி பதவி உயர்வில் வருகிறது. இருபது வருடம் கணக்கோ தமிழோ நடத்திய ஒருவர், கலந்தாய்வு முடிந்த மறுநாள் வேறு ஊர்ப் பள்ளியில் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்கிறார். வகுப்பு நடத்துவதற்குப் பயிற்சி எடுத்தவர், டி.டி.எட்., பி.எட். என்று படித்தவர். பள்ளி நடத்த அவர் எங்கும் படித்ததில்லை.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற அன்று மேசை மேல் பதிவேடுகள் அடுக்கி வைத்திருந்தன. வருகைப் பதிவேடு, சேர்க்கை நீக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு என்று. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளும் அதே வேலை. ஒரு மாதம் கழித்து ஒரு அம்மா வந்து, "எம் பொண்ணு அஞ்சாவது படிக்குது, வாசிக்கத் தெரியலையே சார்" என்றபோதுதான், அந்த ஒரு மாதத்தில் நான் ஒரு வகுப்புக்குள்ளும் போகவில்லை என்பது உறைத்தது. பதிவேடுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை.

நல்ல ஆசிரியராக இருப்பதும் நல்ல தலைமையாசிரியராக இருப்பதும் வேறு வேறு வேலை. முதல் வேலையில் பிள்ளைகள் கற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதில், கூட இருக்கும் ஆசிரியர்களும் கற்கிறார்களா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பணியில் இருந்துகொண்டே தொடர்ந்து கற்றுக்கொள்வதைத்தான் தலைமையாசிரியரின் தொழில்முறை வளர்ச்சி என்கிறோம். பயிற்சி வகுப்பு அதில் ஒரு பகுதி. பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் பார்ப்பது, வகுப்பைக் கவனித்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது, தான் எடுத்த முடிவைத் திரும்ப எண்ணிப் பார்ப்பது, இவையெல்லாமும் அதில் சேர்ந்தவைதான்.

எதையெல்லாம் கற்க வேண்டும்?

2012-இல் தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். தலைமையாசிரியர்களுக்கான பாடத்திட்டத்தை அந்த மையம் ஏழு பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. தலைமை என்றால் என்ன என்ற பார்வை, தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவைக் கட்டுவது, புதியன முயல்வது, ஊரோடும் பெற்றோரோடும் சேர்ந்து நடப்பது, நிர்வாகம்.

ஏழும் வேண்டும்தான். ஆனால் நடைமுறையில் ஏழாவது மற்ற ஆறையும் விழுங்கிவிடுகிறது. காலையில் வந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு. மாதக் கடைசியில் களஞ்சியம் என்ற அரசு இணையதளத்தில் சம்பளப் பட்டியல். இடையிடையே நலத்திட்டப் பொருள்கள், புள்ளிவிவரம், "இன்று மாலைக்குள் அனுப்பவும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி. 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி நம் திருக்குவளையில் வைத்துத்தான் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய காரியம் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் மேற்பார்க்க வேண்டியவர் அதே தலைமையாசிரியர்தான். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் அவருக்கென்று வகுப்புகளும் உண்டு.

இவ்வளவுக்கும் நடுவில் எதற்கு முதலிடம் கொடுப்பது? இதற்கு ஆய்வில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய குழுவினரும், பள்ளித் தலைமைக்கும் மாணவர் கற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்திருந்த 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசி, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இலக்கு வைப்பது, வளங்களைச் சரியாகப் பயன்படுத்துவது, பாடத்தையும் கற்பித்தலையும் திட்டமிட்டுக் கவனிப்பது, ஒழுங்கான பாதுகாப்பான சூழல் தருவது, ஆசிரியர்கள் கற்க வழிசெய்து தானும் அதில் சேர்ந்துகொள்வது என்று தலைமையின் செயல்களை ஐந்தாகப் பிரித்தார்கள். மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புகொண்டிருந்தது கடைசியாகச் சொன்னதுதான்.

"தானும் அதில் சேர்ந்துகொள்வது" என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஆசிரியரைப் பயிற்சிக்கு விடுவித்து அனுப்பும் தலைமையாசிரியர் உண்டு. அதே பயிற்சியில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவரும் உண்டு. தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த புதிதில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்காரவைத்து, ஒவ்வொரு நிலைக்கும் தனி வேலை கொடுக்க வேண்டும். வகுப்பில் பாட்டும் பேச்சும் கேட்கும். பயிற்சியில் உட்கார்ந்த தலைமையாசிரியர், அரும்பிலிருந்து மொட்டுக்கு இந்த மாதம் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். உட்காராதவர் கதவோரம் நின்று, "என்ன டீச்சர் ஒரே சத்தமா இருக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு அந்த டீச்சர் பழையபடி கரும்பலகைக்கே திரும்பிவிட்டதையும் பார்த்தேன்.

இருபத்தாறு கட்டங்கள்

வகுப்பைக் கவனிப்பது என்று சொல்லிவிடுவது சுலபம். அது எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன்.

வெண்ணாற்றங்கரையில் ஒரு நடுநிலைப் பள்ளி. அந்தத் தலைமையாசிரியை பதவிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான்காம் வகுப்பில் பின்னம் நடக்கிறது. ஆசிரியர் இளைஞர், ஆர்வம் உள்ளவர். பெட்டிக்கடையில் நீளக் கடலை மிட்டாய் வாங்கி வந்து, நான்கு துண்டாக உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நோட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபடியே இருபத்தாறு கட்டம் வரைந்தார். யார் பதில் சொன்னாலும், கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. இருபது நிமிடத்தில் முப்பத்தொரு கோடுகள். அதில் இருபத்திரண்டு முன் இரண்டு வரிசைகளில் விழுந்திருந்தன. பதினோரு கட்டங்கள் காலி.

மதிய இடைவேளையில் இருவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"சார், கடலை மிட்டாய் நல்ல யோசனை. கால்னா என்னன்னு புள்ளைங்க கையிலயே பார்த்துடுச்சுங்க."

"அதுக்காகத்தான் டீச்சர் வாங்கிட்டு வந்தேன்."

"இதைக் கொஞ்சம் பாருங்க. நான் எதுவும் எழுதலை, கோடு மட்டும்தான் போட்டேன்."

அவர் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே டீச்சர்?"

"அது ஜன்னல் ஓரம் சார்."

"அதுங்க சத்தமே போடாதுங்க. அதனால புரியுதுன்னு நினைச்சுட்டேன்."

"அடுத்த வாரம் அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுப் பாருங்களேன். வெள்ளிக்கிழமை வர்றேன். இதே மாதிரி கோடு போடுறேன்."

பேச்சு ஏழெட்டு நிமிடம்தான். தலைமையாசிரியை குறை எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் நடந்ததை அப்படியே ஒரு தாளில் காட்டினார். குறையைக் கண்டவர் அந்த ஆசிரியரே. மாற்ற வேண்டியதாக ஒன்றே ஒன்றைப் பேசி முடித்தார்கள். திரும்ப வரும் நாளையும் அங்கேயே சொல்லிவிட்டார். இது யாருக்கும் பிறவியில் வருவதில்லை. எட்டு மாதத்துக்கு முன் அதே தலைமையாசிரியை வகுப்புப் பார்வைப் பதிவேட்டில் "கற்பித்தல் நன்று, கையெழுத்தில் கவனம் தேவை" என்று எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தவர். நம்மில் பலரும் அப்படித்தான் எழுதுகிறோம், நமக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.

அவர் இதைக் கற்றது ஒரு பயிற்சி அரங்கில் தொடங்கியது. ஆனால் பழகியது, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியரோடு. மாதத்தில் ஒரு நாள் இவர் அங்கே போவார், இன்னொரு நாள் அவர் இங்கே வருவார். இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து தனித்தனியே கோடு போடுவார்கள், பிறகு ஒப்பிடுவார்கள். "நீங்க அந்தப் பையனைப் பார்க்கவே இல்லையா?" என்று ஒருவர் கேட்கும்போது மற்றவரின் கண் திருந்தும்.

வாய்க்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

நம் பயிற்சி முறை பெரும்பாலும் வாய்க்கால் மாதிரிதான். மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் வட்டார வள மையத்தில், அங்கிருந்து பள்ளிக்கு. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் இந்த வழியில் இருக்கின்றன. நாகை மாவட்டத்தில் குருக்கத்தியிலும், திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடியிலும். லட்சக்கணக்கான ஆசிரியர்கள் உள்ள மாநிலத்தில் குறுகிய காலத்தில் எல்லோரையும் எட்ட வேண்டுமென்றால் வேறு வழி சுலபமில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் ஊறும், கொஞ்சம் கசியும். மேலே செய்துகாட்டியது, நடுவில் பேச்சாகிறது. கீழே வரும்போது திரையில் ஓடும் படமாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் தலைமையாசிரியர் கையில் இருப்பது ஒரு பிடிஎஃப் கோப்பும் வருகைக் கையெழுத்தும்.

1980-களிலேயே அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். கருத்தைச் சொல்வது, செய்துகாட்டுவது, பழகவைப்பது, திருத்துவது எல்லாம் பயிற்சி அரங்கிலேயே நடந்தாலும், அவரவர் பணியிடத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து துணைசெய்தால்தான் கற்றது வழக்கத்துக்கு வரும் என்பது அவர்கள் கண்டது. இதை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேளாண் அலுவலகத்தில் திருந்திய நெல் சாகுபடி பற்றி ஒரு நாள் கேட்டவரைவிட, பக்கத்து வயல்காரர் கயிறு பிடித்து ஒற்றை நாற்று நட்டதை வரப்பில் நின்று பார்த்தவர்தான் அடுத்த போகத்தில் நட்டார்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வருடத்துக்கு 50 மணி நேரம் தொழில்முறை வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைப் பற்றி நம் மாநிலத்தின் நிலைப்பாடு தெரிந்ததே. அது ஒருபுறம் இருக்க, மணிக்கணக்கை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பது என் எண்ணம். ஆற்றில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, எத்தனை வேலி நிலத்தில் நடவு முடிந்தது என்பது வேறு கணக்கு.

பருவம் தெரிந்த தலைமை

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் அந்தப் பெண்களில் பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். சம்பா நடவு நடக்கும் வாரத்தில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் இருக்கும். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடுவது எளிது. எனக்குத் தெரிந்த ஒருவர் கூட்ட நேரத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றினார். தீர்மானங்களைப் படித்துக் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு அம்மாவிடமும் அவர் பிள்ளையின் நோட்டைக் கொடுத்துப் பேச்சைத் தொடங்கினார். ஊரோடு சேர்ந்து நடப்பது என்ற பாடத்தின் நடைமுறை வடிவம் இதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையலறைக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். டெல்டாவில் அன்று ஆசிரியராக இருந்த யாருக்கும் அந்த நாள் மறக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது பள்ளிக் கட்டடங்களும் தப்பவில்லை. ஆகவே ஐப்பசி அடைமழைக்கு முன்பே தலைமையாசிரியர் பள்ளியை ஒருமுறை சுற்றிவர வேண்டும், தனியாக அல்ல, இரண்டு ஆசிரியர்களையும் இரண்டு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு. மின்பெட்டி மூடியிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா, எந்தக் கிளை கூரை மேல் சாய்ந்திருக்கிறது, மாடிப்படி வாசலில் பழைய பெஞ்சு அடைத்துக் கிடக்கிறதா, எந்தச் சுவரைத் தொட்டால் ஈரமாக இருக்கிறது. பார்த்ததைத் தேதி போட்டு எழுதி, அலுவலகத்துக்கு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் நின்று எதைப் பார்ப்பது என்பதும் பழகினால்தான் வரும். முதல் தடவை நடந்தபோது நான் சுவரைப் பார்த்தேன், தலைக்கு மேல் ஓடிய கம்பியைப் பார்க்கவில்லை. கூட வந்த பெற்றோர் ஒருவர் காட்டித்தான் தெரிந்தது.

எங்கிருந்து தொடங்குவது?

இந்த வருடம் பொறுப்பேற்றவர் என்றால், எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளையை வகுப்பறைக்கென்று ஒதுக்கி, அட்டவணையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எமிஸ் வேலை வந்தாலும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். போகும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று நுழைந்தால் அவர் உங்களுக்காக நடத்துவாரே தவிர பிள்ளைகளுக்காக நடத்த மாட்டார். முதல் மாதம் கோடு போடுவதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பக்கத்துப் பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு தலைமையாசிரியரை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்களைவிட மூத்தவராக இருக்க வேண்டியதில்லை, ஒளிக்காமல் பேசக்கூடியவராக இருந்தால் போதும். ஒரே டவுன் பஸ் வழியில் இருக்கும் பள்ளி என்றால் வசதி. இன்னொரு பள்ளிக்குப் போகும் நாளுக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது பயிற்சிக்குப் போய்வந்தால், திரும்பிய மறுநாள் காலை ஆசிரியர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, கேட்டதில் நம் பள்ளிக்கு ஆகக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அதை எந்த வகுப்பில், என்றைக்குச் செய்து பார்ப்பது என்பதை அவர்களே சொல்லட்டும். அந்தத் தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வெண்ணாற்றங்கரைப் பள்ளியில் அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் இருந்தேன். தலைமையாசிரியை அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி கட்டம் வரைந்தார். ஆசிரியர் ஜன்னல் ஓரத்திலிருந்து தொடங்கினார். பதினோரு காலிக் கட்டங்களில் ஏழில் கோடு விழுந்தது. நான்கு இன்னும் காலி. மரத்தடியில் அந்த நால்வரைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பிள்ளைக்குப் பலகை சரியாகத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.